ஏ.எல்.எஸ். கோர்ஸ்: இதயம் நிற்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்காகவே போகலாம்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்தில் செய்யும் கோர்ஸ் இது. இதயம் நின்றவரையும் அந்த நிலைக்குச் சரிகிறவரையும் காப்பாற்றப் பழக்கும், ரெசசிடேஷன் கவுன்சில் யூ.கே. வடிவமைத்த அட்வான்ஸ்டு லைஃப் சப்போர்ட், சுருக்கமாக ஏ.எல்.எஸ். இரண்டு நாள் பயிற்சி, முடிவில் தேர்வு, தேறினால் 4 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ். இன்டர்னல் மெடிசின் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. மற்ற வேலைகளுக்கும் விளம்பரத்திலேயே கேட்கிறார்கள். அதனால் பலரும் சி.வி.யில் ஒரு வரி சேரட்டும் என்றுதான் போகிறார்கள். நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் கேள்விகளும் அப்படியே: எந்த சென்டரில் சீக்கிரம் இடம் கிடைக்கும், எம்.சி.க்யூ. கஷ்டமா, கட்டணத்தை ஸ்டடி பட்ஜெட்டில் திரும்ப வாங்க முடியுமா. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள், அது ராத்திரி டூட்டியில் உதவுகிறதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, இப்போது வட இங்கிலாந்தில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஜெனரல் மெடிசினில் எஸ்.ஹெச்.ஓ.வாக, அதாவது ஜூனியர் டாக்டராக இருக்கிறேன். ராத்திரியில் வார்டில் யாருக்கு உடம்பு மோசமானாலும் முதல் ப்ளீப் (பேஜர் அழைப்பு) எனக்குத்தான் வரும். என் மதிப்பீட்டை அந்த இடத்திலிருந்து படியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ மயக்க மருந்துத் துறையிலோ இருப்பவர்களுக்கு இதே கோர்ஸ் வேறு மாதிரி தெரியலாம்.

இதை எல்லோரும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிரை மீட்பது) கோர்ஸ் என்று நினைத்துப் போகிறார்கள். நேரக் கணக்கில் பார்த்தால் அதுவும் சரிதான். நெஞ்சை அழுத்துவது, டீஃபிப்ரிலேட்டரால் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது, மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு அட்ரினலின் 1 மில்லிகிராம், அமியோடரோன் 300 மில்லிகிராம், இதயம் நின்றதற்கான எட்டு காரணங்கள், டீமை வழிநடத்துவது என்று பெரும்பகுதி அதற்கே போகிறது. நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் கையேட்டில் உயிர்காக்கும் சங்கிலி என்று ஒரு படம் இருக்கிறது. அதன் முதல் கண்ணியில் சி.பி.ஆர். இல்லை. நோயாளி சரிந்துகொண்டிருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து உதவிக்கு ஆள் கூப்பிடுவதுதான் முதல் கண்ணி. இந்தக் கோர்ஸின் உண்மையான பெறுமானம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வார்டில் இதயம் நிற்பது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. பல மணி நேரம் முன்னாலேயே மூச்சு வேகம் ஏறத் தொடங்கியிருக்கும், பிபி மெல்ல இறங்கியிருக்கும், நேற்றுவரை நன்றாகப் பேசிய பெரியவர் இன்று சாயங்காலம் சம்பந்தமில்லாமல் பேசியிருப்பார். எல்லாம் சார்ட்டில் பதிவாகியிருக்கும், யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1998-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு இதை முகத்தில் அறைந்த மாதிரி காட்டியது. இங்கிலாந்தின் இரண்டு மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்ட 100 பேரின் கதையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 54 பேருக்கு அதற்கு முன் வார்டில் கிடைத்த கவனிப்பு போதுமானதாக இல்லை. கோட்டை விட்டது அரிய நோய்களில் இல்லை. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், ஆக்சிஜன், கண்காணிப்பு என்று எல்லாமே அடிப்படை விஷயங்கள். மூச்சு, நாடி, பிபி போன்றவை எவ்வளவு தவறிப் போயிருக்கின்றன என்று மதிப்பெண் போட இன்று இங்கே வார்டுகளில் புழங்கும் நியூஸ் 2 முறை அந்தக் கவலையின் வழியில் வந்ததுதான். ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. மொத்தம் 5 வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் போனால் அது எமர்ஜென்சி.

சரி, கோர்ஸுக்கு வருவோம். முதல் நாள் ஏ-பி-சி-டி-இ பயிற்சி: ஏ மூச்சுப்பாதை, பி மூச்சு, சி ரத்த ஓட்டம், டி சுயநினைவு, இ உடம்பை முழுதாகத் திறந்து பார்ப்பது என்ற வரிசை. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். எங்கள் குழுவின் பயிற்றுநர் முன்பு நர்ஸாக இருந்து இப்போது ரெசசிடேஷன் அதிகாரியாக இருப்பவர். பயிற்றுநர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து வருகிறவர்கள் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் சொல்லித்தரும் விதத்திலேயே அது தெரிகிறது.

பொம்மை படுத்திருக்கும். பயிற்றுநர் நிலைமையைச் சொல்வார்: வயது 72, இடுப்பெலும்பு அறுவை முடிந்து மூன்றாம் நாள், மூச்சு வாங்குகிறது, ஆள் சரியாக இல்லை என்று சிஸ்டர் கூப்பிடுகிறார். நீங்கள் உள்ளே போகிறீர்கள். படுக்கைக்கு வருவதற்குள்ளேயே ஒரு பார்வை, பிறகு பெயர் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. அவர் தெளிவாக, முழு வாக்கியத்தில் பதில் சொன்னால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். பதில் வரவில்லை, அல்லது குறட்டை மாதிரி சத்தம் வருகிறது என்றால் அடுத்த எழுத்துக்குப் போகவே கூடாது. தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, தேவைப்பட்டால் சக்‌ஷன் போட்டு, மூச்சுப்பாதையைத் திறந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இங்கேதான் நாம் படித்த முறையிலிருந்து இது வேறாகிறது. நமக்குப் பழக்கப்பட்டது முதலில் ஹிஸ்டரி, அப்புறம் முழுப் பரிசோதனை, அப்புறம் டயக்னோசிஸ், கடைசியில் சிகிச்சை. இதில் ஒவ்வொரு எழுத்திலும் என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அதை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் நகர வேண்டும். நோயின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதைச் செய்தாலும் அது பலன் கொடுத்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். நிலைமை மாறினால் மறுபடி ஏ-யிலிருந்து. எங்கள் குழுவில் நன்றாகப் படித்த ஒருவர் இது நுரையீரல் ரத்தக்கட்டியா நிமோனியாவா என்று விளக்கிக்கொண்டே நின்றார். பயிற்றுநர் குறுக்கே பேசவில்லை. மானிட்டரில் சேச்சுரேஷனை (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 84-க்கு இறக்கினார், அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கள் குழுவில் யாரும் ஆக்சிஜன் மாஸ்க்கைப் போடாமல் பேச்சைத் தொடங்கவில்லை.

மூச்சு எண்ணிக்கையில் எங்கள் பயிற்றுநர் அம்மா காட்டிய பிடிவாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டு வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், வரிசையாக 16, 18, 16, 18 என்று இருக்கும். நின்று எண்ணியவர்கள் குறைவு. உடம்பு சரியத் தொடங்கும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் அந்த எண்தான். நியூஸ் 2-வில் மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண். கைக்கடிகாரத்தைப் பார்த்து நீங்களே எண்ணினால் ஒழிய அவர் எண்ணைச் சொல்ல மாட்டார். அறையே அமைதியாக நிற்கும், எண்ணி முடிக்கும்வரை.

ஆக்சிஜன் விஷயத்திலும் தெளிவு கிடைத்தது. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று கேட்டதுமே ஆக்சிஜனைக் கண்டு பயப்படும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு முதலில் பையுள்ள மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர். பிறகு சேச்சுரேஷனைப் பார்த்து 94 முதல் 98 சதவீதத்துக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்து உள்ளவர் என்றால் 88 முதல் 92 இலக்கு, கூடவே ரத்த வாயுப் பரிசோதனை. ஆக்சிஜன் குறைந்தால் நிமிடங்களில் ஆள் போய்விடுவார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை யோசிக்கச் சொல்கிறார்கள்.

சி-யில் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பது. குளிர்ந்திருக்கிறதா, வியர்த்திருக்கிறதா. விரல் நுனியை இதய மட்டத்தில் வைத்து 5 விநாடி அழுத்திவிட்டு விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பிபி இறங்கியிருந்தால் ரத்தக்குழாயில் பெரிய கேனுலா (ஊசிக்குழாய்), அதிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு, 500 மில்லி டிரிப் கால் மணி நேரத்துக்குள். இதயம் பலவீனமானவர் என்றால் 250. ஓடி முடிந்ததும் மறுபடி பிபி, மறுபடி நெஞ்சில் கேட்பது. டிரிப்பைப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிடும் வழக்கத்தை இந்தக் கோர்ஸ் ஒத்துக்கொள்வதே இல்லை. டி-யில் சுயநினைவு, கண் பாவை, சர்க்கரை, மருந்து சார்ட். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸ். மார்ஃபின் ஏதாவது போயிருக்கிறதா என்று சார்ட்டில் ஒரு கண். கடைசியாக இ: போர்வையை விலக்கி, மானம் காத்து, தலை முதல் கால்வரை பார்ப்பது.

இந்தக் கடைசி எழுத்தைப் பலரும் ஒப்புக்குச் செய்கிறார்கள். அதனால் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். கோர்ஸ் முடிந்த சில வாரங்களில் ஒரு ராத்திரி. எண்பதைத் தாண்டிய பெரியவர். பகல் டீமின் ஹேண்டோவரில் லூஸ் மோஷன், நீர்ச்சத்து குறைவு, டிரிப் ஓடுகிறது என்று இருந்தது. மூச்சு 24, நாடித்துடிப்பு 118, பிபி மேலே 96, சேச்சுரேஷன் 95, ஜுரம் இல்லை. நியூஸ் 7. பிபி 96 பரவாயில்லை என்று தோன்றலாம், ஆனால் பழைய குறிப்பில் அவருக்கு வழக்கமாக 150. பேசினார், மூச்சுப்பாதை சரி. நெஞ்சு சுத்தம். கை சில்லென்று இருந்தது. கேனுலா போட்டு, ரத்தம் எடுத்து, 500 மில்லி தொடங்கினேன். சர்க்கரை சரி. மருந்து சார்ட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் கொடுத்ததற்குக் கையெழுத்து. போர்வையை விலக்கினால் விரிப்பில் தார் மாதிரிக் கறுப்பு மலம், வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். வயிற்றுப்போக்கு என்று பகலெல்லாம் எழுதப்பட்டதன் நிறத்தை யாரும் எழுதியிருக்கவில்லை. எனக்கு மேலுள்ள டாக்டரான ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிட்டேன், இரண்டாவது கேனுலா, கிராஸ் மேட்ச் (ரத்தப் பொருத்தம் பார்ப்பது), அபிக்ஸபானை நிறுத்தினோம், ரத்தம் ஏறியது. மறுநாள் எண்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண். எந்தப் புத்திசாலித்தனமும் இதற்குத் தேவைப்படவில்லை. வரிசையை விடாமல் கடைசி எழுத்துவரை போனதுதான்.

இன்னொரு நல்ல விஷயம், டாக்டர்களும் நர்ஸுகளும் ஆம்புலன்ஸ் பாராமெடிக்குகளும் ஒரே குழுவில் உட்கார்ந்து படிப்பது. எங்கள் குழுவில் ஒரு இதயப் பிரிவு சிஸ்டர் என்னைவிடப் பல மடங்கு தெளிவாக டீமை நடத்தினார். நம் ஊர் வார்டுகளில் சிஸ்டர்களுக்குத் தெரிந்திருந்தும் சொல்லத் தயங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய பாடம். சார், பேஷன்ட் சரியில்ல என்று ஒரு மூத்த சிஸ்டர் சொன்னால் எண்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கவலை மட்டுமே கூப்பிடுவதற்குப் போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இப்போது மார்த்தாஸ் ரூல் என்று நோயாளியின் குடும்பமே நேரடியாக அவசர டீமிடம் இரண்டாம் கருத்துக் கேட்கும் உரிமையும் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு வந்திருக்கிறது. 2024-ல் தொடங்கியது. எங்கள் கோர்ஸில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை, இந்த ஏ-பி-சி-டி-இ பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம். ஒரு ஆளுக்கு முழுதாக ஒரு சூழல் கிடைப்பதே அரிது, மற்ற நேரம் வேடிக்கை பார்ப்பதுதான். இதயம் நிற்கும் காட்சிகளோ அடுத்தடுத்து வருகின்றன. அரெஸ்ட் அழைப்பு எனக்கு எப்போதாவதுதான் வரும், வந்தாலும் 2222 என்ற மருத்துவமனை அவசர எண்ணை அடித்தால் ஒரு டீமே ஓடிவரும். சரிந்துகொண்டிருக்கும் நோயாளியோ ஒவ்வொரு ராத்திரியும் உண்டு, அங்கே நானும் ஒரு சிஸ்டரும்தான். நேரத்தை மாற்றிப் பங்கிட்டால் வார்டு டாக்டர்களுக்கு நல்லது.

அடுத்து, கோர்ஸில் ரெஜிஸ்ட்ரார் முதல் ரிங்கிலேயே போனை எடுத்துவிடுகிறார். எஸ்-பார் முறையில் நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன வேண்டும் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழக்குகிறார்கள். அருமையான பழக்கம். ஆனால் நிஜத்தில் அவர் அவசரப் பிரிவில் இன்னொரு நோயாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ரத்தப் பரிசோதனையைத் திரும்ப அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள் என்று வைத்துவிடப் பார்ப்பார். நீங்கள் வந்து பார்க்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்று பணிவோடும் அசையாமலும் கேட்பது எப்படி? அவர் வர முடியாவிட்டால் வார்டுக்கே வந்து பார்க்கும் தீவிர சிகிச்சை அவுட்ரீச் டீமை எப்போது கூப்பிடலாம்? பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த நமக்கு இந்தப் பயிற்சி மருந்து அளவுகளைவிட முக்கியம். அதற்கு ஒரு காட்சிகூட இல்லை.

பொம்மையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வியர்க்காது, முழங்காலில் ஊதாத் திட்டுகள் படராது, கண்ணில் பயம் தெரியாது. தோலைப் பார்த்துப் படிக்கும் பாடம் வார்டில்தான்.

சி.பி.ஆர். வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்டவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். கையேட்டில் அத்தியாயமே இருக்கிறது, வகுப்பில் வேகமாகக் கடந்துவிட்டார்கள். அந்தப் படிவம் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்பதற்கு மட்டும்தான். ஆக்சிஜன், டிரிப், ஆன்டிபயாட்டிக், வலி நிவாரணம் எல்லாம் அவருக்கும் உண்டு, வேறு வரம்பு தனியாக எழுதப்படாத வரை. படிவத்தைப் பார்த்ததும் கால் மெதுவாக நடப்பதை வார்டுகளில் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான் போன சென்டரைப் பற்றி: அறை நெருக்கடி, மூச்சுப்பாதை பயிற்சியில் சக்‌ஷன் கருவி வேலை செய்யவில்லை, முதல் நாள் சாயங்காலம் நேரம் இழுத்துக்கொண்டே போனது. சென்டருக்கு சென்டர் இது மாறும் என்பதால் கோர்ஸின் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் தம்பி தங்கைகள் இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபின் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தின்படி பிரித்துப் பார்க்கும் ஒழுங்கு வந்திருக்கிறது. அதே கவனம் மாடி வார்டில், கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஏ-பி-சி-டி-இ-க்கு மானிட்டர் வேண்டாம். ஒரு கடிகாரம், ஸ்டெத், பிபி மெஷின், குளுக்கோமீட்டர், விரல் ஆக்சிமீட்டர், உங்கள் கை. மேல்படிப்பு டாக்டரான பி.ஜி. எழுந்து வரும்வரை ஆக்சிஜனும் டிரிப்பும் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே பாதி வேலை. அங்கே இதே மாதிரியான அமெரிக்க கோர்ஸான ஏ.சி.எல்.எஸ். செய்தவர்களுக்கு அரெஸ்ட் பகுதி பெரிதாகப் புதிதாக இருக்காது.

யாருக்கு, எப்போது? இங்கே வந்த முதல் வாரத்திலேயே ஓடிப்போய்ச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் வார்டில் வேலை பார்த்து, நியூஸ் சார்ட்டும் ப்ளீப்பும் கைக்குப் பழகிய பிறகு போனால் ஒவ்வொரு காட்சியும் தெரிந்த முகமாக இருக்கும். ஆனால் தனியாக ராத்திரி டூட்டி தொடங்கும் முன் முடித்துவிடுவது நல்லது. பாதியை ஆன்லைனில் படித்துவிட்டு ஒரே நாள் நேரில் வரும் வடிவமும் இருக்கிறது. லீவு கிடைக்காதவர்களுக்கு வசதி. முதல்முறை போகிறவர்கள் இரண்டு நாளையே எடுங்கள், அந்தக் குழுப் பயிற்சிதான் நீங்கள் பணம் கொடுக்கும் பொருள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு.

இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கட்டணத்துக்கு முன்அனுமதி வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள், பிறகு கேட்டால் சில இடங்களில் தர மாட்டார்கள். கையேட்டை முழுதாகப் படிக்க முடியாவிட்டாலும் சரிந்துகொண்டிருக்கும் நோயாளியைப் பற்றிய அத்தியாயம், ஈ.சி.ஜி., ரத்த வாயு மூன்றையும் முடித்துவிட்டுப் போங்கள். தரையில் மண்டியிட வேண்டியிருக்கும், தளர்வான உடை நல்லது. விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.